ஹீட்டர் ராடின் லேபிளிலிருந்து மின் அலகுகளைக் கணக்கிடுவது எப்படி?

வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடின் லேபிளில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும்: எடுத்துக்காட்டாக, 230 வோல்ட், 1500 வாட். இந்த இரண்டிலிருந்தே ஆம்பியரையும் ஓமையும் மீட்டரில் ஏறும் யூனிட்டையும் கணக்கிட்டுவிடலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

கம்பியின் ஓரிடத்தை ஒரு நொடியில் ஒரு கூலும் மின்னூட்டம் கடந்தால், அந்த மின்னோட்டம் 1 ஆம்பியர். இரு முனைகளுக்கு இடையே நகரும் ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் ஒரு ஜூல் ஆற்றலைத் தருமானால், அம்முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் 1 வோல்ட். ஒரு கூலுமுக்கு எத்தனை ஜூல் என்பதை ஒரு நொடிக்கு எத்தனை கூலும் என்பதோடு பெருக்கினால், கூலும் அடிபட்டுப்போய் ஒரு நொடிக்கு எத்தனை ஜூல் என்பது மிஞ்சுகிறது, அதுதான் வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வருவதற்குக் காரணம் இதுவே என்பதால், சூத்திரத்தைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் உவமையாகச் சொல்வது வழக்கம் என்றாலும், குழாய் அறுந்தால் தண்ணீர் கொட்டுகிறது, கம்பி அறுந்தாலோ மின்னோட்டம் நின்றுபோகிறது. ஆகவே அந்த உவமையை வெகுதூரம் இழுத்துச் செல்ல முடியாது.

இப்போது ராடின் கணக்கைப் போடலாம். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் வருகிறது. சுவரில் உள்ள சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கும் பெரிய பவர் சாக்கெட் 16 ஆம்பியருக்கும் செய்யப்பட்டவை. எனவே இந்த ராடைச் செருக வேண்டிய இடம் பெரிய சாக்கெட்தான். அடுத்து, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இது. 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ராடின் மின்தடை சுமார் 35 ஓம். ராடின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் கழற்றிய பிறகு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பிளக்கின் இரு முனைகளைத் தொட்டால் ஏறக்குறைய இதே எண் தெரியும். பழைய குண்டு பல்பில் இதைச் செய்து பார்ப்பவர்கள் குழம்புவார்கள்: எரியும்போது 880 ஓமுக்கு மேல் இருக்க வேண்டிய 60 வாட் பல்பு, குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் மின்தடை பெருமளவு உயர்வதே காரணம்.

லோ வோல்டேஜ் நாட்களில் என்ன ஆகிறது என்பதையும் இந்த 35 ஓமே சொல்லிவிடும். மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால், ராடில் ஓடும் மின்னோட்டமும் 5.7 ஆம்பியராகக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து குறைவதால் திறன் 1500-இலிருந்து சுமார் 1130 வாட்டாகச் சரிகிறது. அதாவது வோல்ட் 13 சதவீதம் இறங்கியதற்கு வெப்பம் ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது.

வாட்டும் யூனிட்டும் ஒன்றல்ல. மிகுதியான குழப்பம் இங்கேதான் நேர்கிறது. வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம், யூனிட் என்பது செலவான மொத்த ஆற்றல். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். ராடை நாளொன்றுக்கு அரை மணி நேரம் போட்டால் 0.75 யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றாலும் அதே 0.75 யூனிட்தான். இரண்டையும் தினமும் பயன்படுத்தினால் 60 நாளில் 90 யூனிட் சேர்ந்துவிடும்.

இதை மீட்டரிலேயே சரிபார்க்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில், யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மின்னும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீரில் வைத்த ராடை மட்டும் போட்டால், நிமிடத்துக்கு 80 முறை மின்ன வேண்டும். 60 முறைதான் மின்னுகிறது என்றால், வீட்டுக்கு 200 வோல்ட் அளவுதான் வருகிறது என்று ஊகிக்கலாம்.

பிளக் தளர்ந்திருந்தால் அந்தத் தொடர்பிலும் சிறு மின்தடை உண்டாகிறது. ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட், அதை மீண்டும் ஆம்பியரால் பெருக்கினால் வாட். எனவே அது அரை ஓம்தான் என்றாலும், ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் 21 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்று சாக்கெட்டுக்குள் எரிவதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். பிளக்கைக் கழற்றும்போது அது சுட்டால், சுவிட்சை அணைத்து சாக்கெட்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் இதே கணக்கு இன்னும் கடுமையானது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். 400 வாட் சுமைக்குக் காகிதக் கணக்கில் நாலரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலியாகும்போது கிடைக்கும் அளவு என்பதாலும், இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு என்பதாலும் அவ்வளவு நேரம் கிடைக்காது. வீட்டில் 2 ஆம்பியருக்குள் அடங்கும் அந்தச் சுமை, 12 வோல்ட் பக்கத்தில் 33 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பேட்டரிக்குப் போகும் கேபிள் அவ்வளவு தடிமனாக இருப்பதும், அதன் முனையில் படியும் வெண்பச்சைத் துகளைச் சுரண்டி எடுத்து இறுக்கிக் கட்டச் சொல்வதும் அதனால்தான்.