சர்வரில் வெர்ஷன் பழசாகத் தெரிகிறதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சிப்காட் என்று எங்கே போனாலும், சர்வர் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேருகிறவர்கள் அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். பேக்கப் எடுக்க வேண்டும், பாஸ்வேர்டு வலுவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

## ஸ்கேன் அறிக்கைக்குப் பயந்து சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது

ஷூ ஏற்றுமதி அலுவலகம் ஒன்று. வெளிநாட்டு பையர் பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கை கேட்கிறார். அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘ஓபன்எஸ்எஸ்எச் 8.9, ஆபத்தானது, சிவிஇ-2024-6387’. தூரத்திலிருந்து சர்வரில் லாகின் செய்ய உதவும் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எச்; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண். நிர்வாகம் நெருக்குகிறது. பொறுப்பில் இருக்கும் பையன் 9.8-இன் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, கம்பைல் செய்து, ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்து, சர்வீஸையும் அதற்குத் திருப்பிவிடுகிறான். மறு ஸ்கேனில் சிவப்பு போய்விடுகிறது. எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் சர்வர் அன்றைக்குத்தான் பலவீனமாகிறது.

ஸ்கேனர் பெரும்பாலும் 22-ஆம் போர்ட்டில் வரும் அறிமுக வரியைப் படித்து, அதிலுள்ள எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் வெர்ஷன் எண்ணை ஏற்றுவதில்லை. புதிய வெர்ஷனில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனில் தைத்துத் தருகின்றன. 2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச் 9.8 வெளிவந்த அதே நாளில் உபுண்டு 22.04-க்கு 8.9பி1-3உபுண்டு0.10 வந்தது. முன்னால் இருக்கும் 8.9 மாறவில்லை, கடைசியில் இருக்கும் 0.10-தான் திருத்தம். எண்ணின் வாலைப் பார்க்கப் பழகுங்கள்.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்ளும் ஆப்ட் கருவியில் ‘ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்’ என்று கொடுத்து, அதில் 6387-ஐத் தேடுங்கள். ரெட் ஹாட் குடும்பம் என்றால் ‘ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக்’. அந்த வரியையும் உபுண்டுவின் அறிவிப்பு எண்ணையும் (இதற்கு யுஎஸ்என்-6859-1) இணைத்துப் பதில் அனுப்பினால், முறையான தணிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். ஒரு மெயிலில் முடியவேண்டிய வேலை இது.

கம்பைல் செய்தால் என்ன ஆகும்? முதலில், சோர்ஸிலிருந்து கட்டிய எஸ்எஸ்எச்டி (ஓபன்எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) இயல்பாக /யுஎஸ்ஆர்/லோக்கல்/எட்ஸி-யில் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத்தான் படிக்கும். நீங்கள் /எட்ஸி/எஸ்எஸ்எச்-இல் பார்த்துப் பார்த்துப் போட்ட ‘அலவ்யூசர்ஸ்’, ‘பாஸ்வேர்டு வேண்டாம், கீ மட்டும் போதும்’ என்ற வரிகளை அது ஏறெடுத்தும் பார்க்காது. பாஸ்வேர்டு லாகின் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். பழைய கான்ஃபிக்கையே காட்டிவிட்டாலும், பாம் (லாகின் சரிபார்ப்பைக் கவனிக்கும் அமைப்பு) ஆதரவு சேர்க்காமல் கட்டியிருந்தால் ‘யூஸ்பாம்’ வரியை அது கண்டுகொள்ளாது. பாமை நம்பி வைத்த கட்டுப்பாடுகள் போயே போச்சு. இன்னொன்று: டெபியன், உபுண்டுவின் சர்வீஸ் கோப்பு, ‘நான் தயார்’ என்ற செய்தி எஸ்எஸ்எச்டி-யிடமிருந்து வரும் என்று காத்திருக்கிறது. 9.8-க்கு முந்தைய அசல் சோர்ஸில் அந்தச் செய்தி கிடையாது. சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி 90 விநாடி பார்த்துவிட்டு அதைக் கொன்றுவிடும். வேலூரிலிருந்து ஆம்பூர் சர்வரில் இதைச் செய்தவர் அடுத்து பஸ் ஏறத்தான் வேண்டும், 50 கிலோமீட்டர்.

இதையெல்லாம் சரியாகவே செய்தார் என்று வையுங்கள். 2025 பிப்ரவரியில் சிவிஇ-2025-26466 வந்தது: லாகின் செய்யாமலேயே சர்வரின் மெமரியையும் சிபியு-வையும் தின்னவைக்கும் ஓட்டை. பாதிப்பு 9.5 முதல் 9.9பி1 வரை. ‘பழசு’ என்று தூக்கிப்போட்ட 8.9-இல் அந்த ஓட்டையே கிடையாது. கம்பைல் செய்த 9.8-இல் இருக்கிறது. ஆப்ட் அதைத் தொடாது, எச்சரிக்கவும் செய்யாது. அந்தக் கோப்பு இருப்பதே அதற்குத் தெரியாது. கட்டியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் யாருக்குமே தெரியாது. இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருவது இதனால்தான்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? ஒரு செஷனைத் திறந்தே வைத்துக்கொண்டு பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் கேட் எஸ்எஸ்எச்’ கொடுத்து, ஓடப்போவது /யுஎஸ்ஆர்/எஸ்பின்-இல் இருப்பதுதானா என்று பாருங்கள். கான்ஃபிக்கைச் சோதிக்கும் ‘எஸ்எஸ்எச்டி -டி’ (சிறிய t) பிழை காட்டக்கூடாது. அதையும் முழுப் பாதையோடு கொடுங்கள், இல்லாவிட்டால் லோக்கலில் இருப்பதுதான் பதில் சொல்லும். ரீஸ்டார்ட் செய்து இரண்டாவது செஷனில் லாகின் ஆன பிறகே லோக்கலில் இருப்பதை அழியுங்கள்.

## வேறு வெளியீட்டின் ரெப்போவைக் கலப்பது

ஒரே ஒரு பேக்கேஜ் புதிதாக வேண்டும் என்று டெபியன் ஸ்டேபிளில் டெஸ்டிங் (இன்னும் சோதனையில் இருக்கும் வெளியீடு) ரெப்போவை, அதாவது அதன் பேக்கேஜ் கிடங்கைச் சேர்ப்பார்கள். அந்தப் பேக்கேஜ் புது லிப்சி6 (கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) கேட்கும். லிப்சி6 ஏறினால் சர்வர் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. திரும்பி இறங்க ஒழுங்கான வழி இல்லை. புது வசதி உண்மையிலேயே தேவை என்றால் முதலில் பேக்போர்ட்ஸ் (புது வெர்ஷன்களை ஸ்டேபிளுக்காகக் கட்டித் தரும் டெபியனின் ரெப்போ) பாருங்கள். அதன் முன்னுரிமை 100 என்பதால் நீங்கள் கேட்டால் ஒழிய எதுவும் புதிதாக உள்ளே வராது. அங்கே இல்லையென்றால் அந்த மென்பொருள் குழுவே நடத்தும் ரெப்போ. அதன் பிறகு கன்டெய்னர். சோர்ஸ் கடைசி.

## குழுவின் ரெப்போவைச் சேர்த்துவிட்டு மறப்பது

டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் குழுவின் ரெப்போவைச் சேர்ப்பது நல்ல முடிவு. ஆனால் தானியங்கி அப்டேட் இயல்பாக டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்போக்களை மட்டுமே தொடும். ‘அலவ்ட்-ஆரிஜின்ஸ்’ பட்டியலில் நீங்களே சேர்க்காவிட்டால் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் திருத்தங்கள் வந்து வாசலில் நிற்கும்.

சேர்க்கும்போது எண் இல்லாத ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ பேக்கேஜைப் போடாதீர்கள். புது மேஜர் வெர்ஷன் வந்ததும் அது 5433 போர்ட்டில் காலி கிளஸ்டர் (டேட்டாபேஸ்களின் தொகுப்பு) ஒன்றைத் தானே உருவாக்கிவிடும். டேட்டா பழைய கிளஸ்டரில் பத்திரமாகத்தான் இருக்கும். குழப்பத்தில் தவறான கிளஸ்டரை அழித்துவிடுவதுதான் ஆபத்து. ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16’ என்று எண்ணோடு போடுங்கள்.

## உபுண்டுவின் யூனிவர்ஸை மெயின் என்று நினைப்பது

மெயின் என்பது உபுண்டு நிறுவனமே பராமரிக்கும் பேக்கேஜ்கள், யூனிவர்ஸ் என்பது சமூகம் பராமரிப்பவை. நீண்டகால ஆதரவு (எல்டிஎஸ்) வெளியீட்டில் ஐந்து வருட இலவசப் பாதுகாப்பு உறுதி மெயினுக்குத்தான். யூனிவர்ஸ் பேக்கேஜ்களுக்குத் திருத்தம் உபுண்டு புரோ சந்தா வழியாக வருகிறது. தனிநபருக்கு 5 மெஷின் வரை இலவசம். எது எங்கிருந்து வந்தது என்று ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ சொல்லும்.

## அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாதது

ஓபன்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் லைப்ரரி) டிஸ்க்கில் மாறியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் பழையதைத்தான் மெமரியில் வைத்திருக்கும். எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ‘நீட்ரீஸ்டார்ட்’ போட்டு வையுங்கள். கெர்னல் என்றால் ரீபூட்தான்.

## ஹோல்ட்

ஹோல்ட் என்றால் ஒரு பேக்கேஜை அப்டேட் ஆகாமல் பூட்டுவது. ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்துப் பாருங்கள். என்றைக்கோ யாரோ பூட்டியது அங்கே இருக்கும்.

## ஆயுள் முடிந்த வெளியீடு

சென்ட்ஓஎஸ் 7 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. தைத்துத் தர ஆள் இல்லை, மாற்றுங்கள்.

## கரண்ட்

இணைப்பு அறுந்தாலும் செஷனை உயிரோடு வைக்கும் டிமக்ஸ் உள்ளே, யுபிஎஸ் மேல் அப்டேட் ஓட்டுங்கள். பாதியில் நின்றால் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, பிறகு ‘ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’.