காலையில் கல், பிற்பகலில் நீர்: மாயர் நிலத்தில் இருவர் முதுகுப்பையோடு பயணம் செய்யும் முறை

மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் தொடங்கி, பெலீஸ் வழியாகக் குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டில் முடியும் தரைவழிப் பயணத்தில் கரீபியக் கடற்கரைகளையும் மாயர்களின் பழைய நகரங்களையும் ஒருசேரப் பார்த்துவிடலாம். ஆனால் சேர்ந்து கிளம்பும் இருவரில் பெரும்பாலும் ஒருவருக்குக் கற்கோயில்கள்மேல் நாட்டம் இருக்கும். மற்றவருக்குக் கடல்மேல் இருக்கும். இருவரும் மனம் நிறைந்து திரும்ப, காலைப் பொழுதை இடிபாடுகளுக்கும் பிற்பகலை நீருக்கும் ஒதுக்கிவிடுவதே நான் கண்ட சிறந்த வழி. அங்குள்ள வெயிலும் இதே ஒழுங்கைத்தான் வற்புறுத்துகிறது. பத்து மணிக்குமேல் நிழலற்ற சுண்ணாம்புக்கல் முற்றங்களில் நிற்பது கடினம். சுற்றுலாப் பேருந்துகள் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குவதும் அந்நேரத்தில்தான்.

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். வசந்தகாலத்திலிருந்து கோடை முடியும்வரை சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி பல ஆண்டுகளில் கரையை மூடிவிடுகிறது. விசாவை மூன்று நாடுகளுக்கும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்; ஒரு நாட்டில் கிடைக்கும் சலுகை அடுத்த நாட்டில் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆளுக்கு 40 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பை போதும். மருந்துப் பெட்டி, மின்னேற்றி, சோப்பு போன்றவற்றை இருவருக்கும் பொதுவாக ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டால் சுமை கணிசமாகக் குறையும். வங்கி அட்டைகளையும் ரொக்கத்தையும் மட்டும் ஒரே பையில் வைக்காதீர்கள். வெவ்வேறு கணக்குகளின் அட்டைகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, ஒருவருடைய கடவுச்சீட்டின் நகலை மற்றவர் சுமப்பது நல்லது. ஒரு பை தொலைந்தாலும் பயணம் நின்றுவிடாது.

கான்கூனில் இறங்கியதும் கடற்கரை விடுதிகளில் தங்கிவிடாமல், பேருந்தில் நேரே வயாதோலித் நகரத்துக்குச் சென்று இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் சிச்சென் இட்சா இருக்கிறது; கொலெக்டிவோ எனப்படும் பகிர்வு வேன்கள் ஓடுகின்றன. தளம் திறக்கும் எட்டு மணிக்கே வாயிலில் நின்றால், குகுல்கான் பிரமிடை ஏறக்குறைய தனிமையில் பார்க்கலாம். நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சி மேடையைச் சேர்த்தால் 365. ஓர் ஆண்டின் நாட்களைக் கல்லில் எண்ணி வைத்திருக்கிறார்கள். மேலே ஏற அனுமதி இல்லை. படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால் பறவையின் கீச்சொலி போன்ற எதிரொலி வரும். கூட்டம் சேர்ந்த பிறகு அது தெளிவாகக் கேட்காது. 168 மீட்டர் நீளமுள்ள பந்தாட்டக் களத்துக்கும் போதிய நேரம் கொடுங்கள். நுழைவில் மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனிக் கட்டணம் பெறுவதால், கையில் பெசோ இருக்கட்டும்.

அதே தளத்தின் வடக்கே புனித செனோட்டே என்னும் இயற்கைக் கிணறு இருக்கிறது. அதன் விளிம்பில் சற்று நேரம் நில்லுங்கள். யுகத்தானின் வடபகுதியில் நிலத்தின்மேல் ஆறுகளே இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி இறங்கி நிலத்தடி ஆறாக ஓடுகிறது. மேற்கூரை இடிந்த இடங்களில் அது செனோட்டேயாக வெளிப்படுகிறது. மாயர் நகரங்கள் இந்நீரை நம்பியே எழுந்தன. மாயர்கள் காணிக்கை இட்ட அந்தக் கிணற்றைக் காலையில் பார்த்துவிட்டு, பிற்பகலில் வயாதோலித்தின் நடுவிலேயே உள்ள சாசி செனோட்டேயில் நீந்தும்போது, கல்லை விரும்பியவரும் நீரை விரும்பியவரும் ஒரே கதையைத்தான் தேடி வந்திருக்கிறார்கள் என்பது புலப்படும். இந்த ஒரு நாளுக்காகவே வேறு இரண்டு ஊர்களைத் திட்டத்திலிருந்து நீக்கலாம் என்பேன். நீரில் இறங்குமுன் குளித்து, சூரியக் களிம்பை முழுதும் கழுவிவிடுங்கள். அது குடிநீரோடு கலக்கும் நீர்.

அடுத்து துலும். கிளம்புமுன் கடிகாரத்தைக் கவனியுங்கள்: கான்கூன், துலும், பகலார் ஆகியவை அடங்கிய கிந்தானா ரோ மாநிலத்தின் நேரம், வயாதோலித் இருக்கும் யுகத்தான் மாநிலத்தின் நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. கிழக்கே திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடுவதால், பேருந்தைத் தவறவிடுபவர்கள் உண்டு. துலும், மூன்று பக்கம் மதிலும் ஒரு பக்கம் கடலும் காத்த துறைமுக நகரம். அதைக் காலையில் பார்த்துவிட்டுக் கரையில் இறங்குங்கள். மற்றொரு நாள், காட்டுக்குள் இருக்கும் பழைய மாயர் நகரமான கோபாவுக்குச் சென்று மிதிவண்டியை வாடகைக்கு எடுத்தால், 42 மீட்டர் உயரமுள்ள நோஹோச் முல் பிரமிடு வரை காட்டு நிழலிலேயே போகலாம்.

தெற்கே பகலார் நன்னீர் ஏரியில் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். கரையோரம் பாறைபோல் தெரிபவை ஸ்ட்ரோமடோலைட்டுகள். நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லக் கட்டியவை. அவற்றின்மேல் காலூன்றக் கூடாது.

மெக்சிகோவின் எல்லை நகரமான செதுமாலிலிருந்து படகில் பெலீசின் கீ காக்கர் தீவுக்குச் செல்லலாம். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பெலீஸ் டாலர் என்பது நிலையான மதிப்பு. இரண்டும் புழங்குவதால், விலை கேட்கும்போது எந்த டாலர் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பவளத்திட்டில் முகமூடி அணிந்து நீந்துவதற்கு ஹோல் சான் காப்பகம் சிறந்தது. பிறகு பெலீசின் மேற்கிலுள்ள சான் இக்னாசியோ வழியாகக் குவாத்தமாலா எல்லையைக் கடக்கலாம். தரைவழியே பெலீசை விட்டு வெளியேறக் கட்டணம் உண்டு.

பெத்தேன் இட்சா ஏரியின் புளோரஸ் தீவை அடைந்ததும், பழைய மாயர் நகரம் அமைந்த டிகால் பூங்காவுக்குள்ளேயே ஓர் இரவு தங்க இடம் பிடியுங்கள். அங்கே மின்சாரம் சில மணி நேரமே இருக்கும். கைவிளக்கும் போதிய குடிநீரும் தேவை. 65 மீட்டர் அளவு உயர்ந்த நான்காம் கோயிலின் மரப்படிகளில் அதிகாலையில் ஏறினால், மூடுபனிக்கு மேலே மற்றக் கோயில்களின் உச்சிகள் மட்டும் தெரியும். ஊளைக் குரங்குகளின் முழக்கம் காடெங்கும் கேட்கும். அங்கே பேசாமல் அமர்ந்திருங்கள். வெயில் ஏறியதும் கீழிறங்கி, புளோரஸ் செல்லும் வேனில் ஏறி, வழியில் எல் ரெமாத்தே என்னும் ஏரிக்கரைக் கிராமத்தில் இறங்கிக்கொள்ளலாம். உள்ளூரார் குளிக்கும் துறை எதுவென்று கேட்டு அங்கேயே நீந்துங்கள். மாலைக்குள் புளோரஸுக்கு வேறொரு வேன் கிடைக்கும்.