ரத்தம் நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள்

மலத்தில் ரத்தம் என்றாலே எங்கள் சேலத்துப் பக்கம் ‘மூலம்’ என்று முடிவு கட்டிவிடுவோம். என் தங்கைக்கும் ஆறு மாதம் களிம்பும் கருணைக்கிழங்குமாக ஓட்டினோம். ரத்தத்தோடு சளியும் போனது, நடுராத்திரியில் வயிற்றுக்கடுப்பு எழுப்பியது, எடை இறங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்து, சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி என்று தெரிந்தது.

அடுத்த தவறு இன்னும் பெரியது. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. ஸ்டீராய்டு ஆகாது என்று பயந்து, ஒரு மாதத்தில் அம்மா அதை அடியோடு நிறுத்திவிட்டார். நான்கே நாளில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பு தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடும். சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரியும். மருத்துவர் சொல்கிற அளவில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதற்காகப் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதும் கூடாது. எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். நோயை நாள்பட அடக்கி வைப்பது மெசலமைன், அசத்தியோபிரின் போன்றவை. நன்றாக இருக்கும் நாளிலும் அவற்றை விடாதீர்கள். அசத்தியோபிரின் என்றால் ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது.

இந்த நோயோடு மூட்டுவலியும் வரலாம். அதற்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போட்டால் குடல் நோய் மறுபடி கிளம்பலாம்.

ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைட் மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறத் தோன்றும், புரிகிறது. ஆனால் நோய் தீவிரமாக இருக்கும்போது அது குடலை ஆபத்தாக வீங்க வைக்கலாம். ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல் அல்லது நாடித்துடிப்பு 90-க்கு மேல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி பிடித்து அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வயிறு உப்பினாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். நோய் முற்றும்போது காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம்.

இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோயை அந்த ஊசி கிளப்பிவிடலாம்.

தங்கைக்கு இது எட்டாவது வருடம். பெருங்குடலில் புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று பார்க்கத் தொடங்க வேண்டிய கட்டம் இது. அடுத்த மாதம் கொலோனோஸ்கோபிக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.