பேண்ட்சாவில் புது ஃபென்ஸ் மாட்டுவது எப்படி?

வளையமான பட்டை பிளேடு இரண்டு சக்கரங்களில் சுற்றி மரம் அறுக்கும் இயந்திரம்தான் பேண்ட்சா; அதன் டேபிளில் பலகையை ஒட்டி நேராகத் தள்ள உதவும் சட்டம்தான் ஃபென்ஸ். பேண்ட்சாவோடு கூடவே வரும் ஃபென்ஸ் பல இயந்திரங்களில் பெயரளவுக்குத்தான் இருக்கும். இறுக்கும்போதே அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகும் வால்பக்கத்தை விரலால் தள்ளினால் வளையும். வளைவுகளை மட்டும் அறுப்பவருக்கு இது பெரிய குறையில்லை. பலகையை நேராகக் கிழிக்கவும், கனமான கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்கவும் தொடங்கும்போதுதான் நல்ல ஃபென்ஸின் அருமை தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேடு கோணலாக ஓடினால் அதைப் புது ஃபென்ஸ் திருத்தாது. அசையாமல் நிற்பது மட்டுமே அதன் வேலை. அதனால் பிளேடு, டேபிள், ஃபென்ஸ் என்ற வரிசையில் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தனியாக விற்கும் ஃபென்ஸ்களில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: டேபிளின் முன்விளிம்பில் போல்ட் போடும் ரெயில், அதன் மேல் ஓடும் தலை, தலையிலிருந்து பின்னோக்கி நீளும் உயரமான அலுமினியச் சட்டம். உங்கள் டேபிளின் முன்விளிம்பில் ஏற்கெனவே துளைகள் இருக்கின்றனவா, அவற்றின் இடைவெளி ரெயிலின் துளைகளோடு ஒத்துப்போகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். டேபிளின் முன்பின் நீளத்துக்குச் சட்டம் போதுமா என்றும் பாருங்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: பிளேடை மாற்ற டேபிளில் ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அது பக்கவாட்டில் திறந்தால் கவலையில்லை. முன்பக்கம் திறந்தால் ரெயில் அதை மறைத்துவிடும். ரெயிலில் அந்த இடத்தில் இடைவெளி விட்டிருந்தால் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் பிளேடு மாற்றும்போதெல்லாம் ரெயிலைக் கழற்ற வேண்டும்.

முதலில் பிளேடு

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கூர் போகாத பிளேடு ஒன்றை மாட்டுங்கள். நேராகக் கிழிக்க 12 மி.மீ. அகலமும் அங்குலத்துக்கு 3 அல்லது 4 பற்களும் உள்ளது நல்லது. பிளேடுக்குப் போதுமான டென்ஷன் (இழுவிசை) கொடுத்து, மேல்சக்கரத்தைக் கையால் சுற்றி, பிளேடு டயரின் (சக்கரத்தின் மேலுள்ள ரப்பர் பட்டை) நடுவில் ஓடும்படி, மேல்சக்கரத்தின் சாய்வை மாற்றும் டிராக்கிங் குமிழைத் திருப்புங்கள். பிளேடை விலகாமல் பிடிக்கும் கைடுகளை அதன் பிறகுதான் பிளேடுக்கு அருகே கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை டேபிளில் நிறுத்தி, பிளேடு 90 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேபிளின் சாய்வைத் திருத்துங்கள்.

ரெயில்

பழைய ஃபென்ஸையும் அதன் ரெயிலையும் கழற்றி, டேபிளின் முன்விளிம்பைத் துடையுங்கள். பிளவின் வாயில் ஒரு முளையோ போல்ட்டோ இருந்தால், அது டேபிளின் இரண்டு பாதிகளையும் ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கிறது. வேலை முடிந்ததும் அதை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

துளைகள் ஒத்துப்போனால் ரெயிலை வைத்து போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்குங்கள். ஒத்துப்போகாவிட்டால் துளை போட வேண்டும். ரெயிலை கிளாம்ப் போட்டுப் பிடித்து இடத்தைக் குறித்து, சென்டர் பஞ்சால் தட்டிவிட்டுத் துளையிடுங்கள். எம்6 போல்ட்டுக்கு 5 மி.மீ. டிரில், எம்8-க்கு 6.8 மி.மீ. வார்ப்பிரும்பு டேபிளில் எண்ணெய் இல்லாமலே துளையிடலாம், தூளாகத்தான் உதிரும். பிறகு துளைக்குள் மரை வெட்ட வேண்டும்; அதற்கான டேப் என்ற கருவியை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று நிதானமாகத் திருப்புங்கள். வார்ப்பிரும்பில் டேப் உடைந்து மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும் பாடு. இயந்திரக் கருவிகளில் பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுத்துவிடுவதில் தவறே இல்லை.

இப்போது தலையையும் சட்டத்தையும் ரெயிலில் ஏற்றுங்கள். சட்டம் டேபிளை உரசக் கூடாது; ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி போதும். இதற்குச் சீட்டுக்கட்டு அட்டைகள் வசதி. சட்டத்துக்கு அடியில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அட்டை வையுங்கள். ஃபென்ஸை டேபிளின் இடது ஓரத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வலது ஓரத்தில். ஒரு பக்கம் அட்டை இறுகி மறுபக்கம் தளர்ந்தால் ரெயில் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ரெயிலின் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் மரச்சுத்தியால் மெல்லத் தட்டி ஏற்றலாம், இறக்கலாம். இரண்டு பக்கமும் சமமானதும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்குங்கள். மைட்டர் கேஜை (குறுக்கே அறுக்கும்போது பலகையைத் தாங்கித் தள்ளும் கருவி) டேபிளில் அதற்கென உள்ள பள்ளத்தில் ஓட்டி, அது ரெயிலில் இடிக்காமல் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

செங்குத்தும் இணையும்

சட்டத்தின் முகம் டேபிளுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மூலைமட்டத்தை முன், நடு, பின் என மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். தலையில் இதற்கென்று சின்ன கிரப் ஸ்க்ரூக்கள் இருக்கும். ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். கட்டையைப் பிளக்கும்போது உயரத்தில் சின்னச் சாய்வுகூட பலகையின் ஒரு விளிம்பைத் தடிமனாகவும் மறு விளிம்பை மெல்லியதாகவும் ஆக்கிவிடும். ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்து, ஃபென்ஸை மைட்டர் பள்ளத்தின் விளிம்புவரை நகர்த்தி இறுக்குங்கள். பள்ளத்தின் விளிம்பையும் சட்டத்தின் முகத்தையும் விரலால் தடவினால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால், சட்டத்தைத் தலையோடு சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருத்தி மறுபடி முடுக்குங்கள். பிடியை விட்டு மீண்டும் இறுக்கிப் பாருங்கள். இறுக்கும்போது நகராமல் இருந்தால்தான் காசு கொடுத்ததற்குப் பலன்.

சோதனை வெட்டு

இரண்டடி நீளத்தில், ஒரு விளிம்பு இழைத்து நேராக்கிய பலகைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைடு தூணை (மேல் கைடுகளைத் தாங்கும் தூண்) மரத்துக்கு மேல் 5, 6 மி.மீ. அளவில் நிறுத்தி, சக்கரக் கதவுகளைச் சாத்தி, பிளக்கைச் செருகுங்கள். நிதானமாக 20 செ.மீ. அளவுக்கு அறுத்து, பலகையை அப்படியே பிடித்தபடி சுவிட்சை அணையுங்கள். சக்கரம் முழுவதும் நின்ற பிறகு பார்க்கலாம்.

பிளேடின் முதுகு வெட்டுத்தடத்தின் நடுவில் இருந்தால் வேலை முடிந்தது. பலகை ஃபென்ஸை விட்டு விலகப் பார்த்தாலோ, அதோடு ஒட்டி நெரிந்தாலோ பிளேடு ஒரு பக்கமாக இழுக்கிறது. இதைத்தான் டிரிஃப்ட் என்பார்கள். பெரும்பாலான சிறிய பேண்ட்சாக்களில் டயர் நடுவில் லேசாக மேடாக இருக்கும். பிளேடு அந்த மேட்டில் எங்கே உட்காருகிறதோ அதைப் பொறுத்துப் பற்கள் இடமோ வலமோ திரும்பும். அதனால் ஃபென்ஸை விட்டுவிட்டு டிராக்கிங் குமிழைத் தொடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, கைடுகளைப் பின்னுக்குத் தள்ளி, குமிழை அரைக்கால் சுற்று திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கைடுகளைத் திரும்ப அமைத்து, மறுபடி ஒரு வெட்டு. இழுப்பு அதிகமானால் எதிர்த்திசையில் திருப்புங்கள். டயர் தட்டையாக உள்ள இயந்திரங்களில் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. அங்கே பிளேடு எங்கே ஓட வேண்டும் என்று கையேடு சொல்வதையே கேளுங்கள்.

எவ்வளவு திருப்பியும் சரியாகவில்லையா? டென்ஷன் போதவில்லை, அல்லது பிளேடின் ஒரு பக்கப் பற்கள் மழுங்கிவிட்டன. வேறு பிளேடு போட்டுப் பாருங்கள்.

பிளேடு இழுக்கும் கோணத்துக்கு ஃபென்ஸையே சாய்த்துவிடும் பழைய வழியும் உண்டு. பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் அந்தக் கோட்டிலேயே கையால் அறுத்து, பாதியில் நிறுத்தி, பலகை நிற்கும் கோணத்தை டேபிளில் பென்சிலால் குறித்து, ஃபென்ஸை அதற்கு இணையாக வைப்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் பிளேடு மாற்றும்போதெல்லாம் கோணம் மாறலாம், மைட்டர் பள்ளமும் ஃபென்ஸும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். எனக்கு இது கடைசி வழிதான்.

அளவுகோலும் பயன்பாடும்

ஒரு துண்டை அறுத்து வெர்னியரால் அளந்து, ஃபென்ஸின் அளவுகோலில் எண்ணைக் காட்டும் அளவுகாட்டியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அந்த எண்ணுக்கு நகர்த்துங்கள். வேறு பிளேடு போட்டால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மெல்லிய பலகைக்கு உயரமான சட்டம் இடைஞ்சல். கைடு தூணைக் கீழே இறக்க விடாது. சட்டத்தைத் தாழ்வான நிலைக்கு மாற்றும் வசதி சில ஃபென்ஸ்களில் உண்டு, இருந்தால் பயன்படுத்துங்கள். குறுகிய துண்டுகளைத் தள்ள விரல் வேண்டாம், புஷ் ஸ்டிக் போதும். கொஞ்ச நாள் அறுத்த பிறகு ரெயில் போல்ட்டுகளுக்கு ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கலாம்.