ஏற்காட்டுச் சரிவுல ஏடிவி ஓட்டுறவங்களுக்கு

காபித் தோட்டத்துக்கு ஏடிவி (கரடுமுரடான பாதையில ஓடுற நாலு சக்கர வண்டி) வாங்கினவங்க முதல்ல டயர் காத்தைப் பாருங்க. கார் மாதிரி 30 பிஎஸ்ஐ அடிச்சா, நனைஞ்ச சில்வர் ஓக் மரச் சருகுல வண்டி சறுக்கும். பெரும்பாலும் 4 முதல் 7 வரைதான். வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரே கணக்கு. பெட்ரோல் பங்க் கேஜை நம்பாதீங்க, அவ்வளவு குறைச்சலை அது சரியாக் காட்டாது.

ஏத்தத்துல உடம்பை முன்னாடி சாய்ங்க. பாதியில திணறினா வண்டியைத் திருப்பவே திருப்பாதீங்க, கவிழ்றது அங்கதான். பிரேக் போட்டு மேட்டுப் பக்கமா இறங்கிடுங்க.

அமெரிக்காவுல சுட்ட மானை இழுத்துட்டு வர இதைத்தான் கொண்டுபோறாங்க. இங்க அந்த ஆசையே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில்தான். மானோ காட்டெருமையோ குறுக்கே நின்னா தள்ளியே நிறுத்துங்க, ஹாரன் அடிக்காதீங்க.