சீப்புச்சீடை நமுக்காமல் போய்ச் சேர

காரைக்குடியில் நாலு வீட்டு ஆச்சிமார் சுடும் பலகாரத்தை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறோம். முதலில் வந்த புகாரெல்லாம் ஒன்றுதான்: சீடை நமுத்துவிட்டது, பாதி தூள்.

தப்பு கூரியர்மீது இல்லை. சூடு ஆறுமுன் கட்டினால் ஆவி பைக்குள்ளேயே வியர்த்து நிற்கும். இப்போது வெள்ளைத் துணியில் பரப்பி 3 மணி நேரம் ஆறவிட்டு, கால் கிலோவாகத் தடித்த அலுமினியப் பையில் சீல் வைக்கிறோம். மெல்லிய பாலித்தீன் கவர் உதவாது. அட்டைப்பெட்டியைக் காதருகே குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. வந்தால் பைகளுக்கு நடுவே கசக்கிய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும்.

சனிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் தூங்கும். அதனால் வெள்ளி இரவோடு ஆர்டர் முடித்து, ஞாயிறு சுட்டு, திங்கள் காலை அனுப்புகிறோம்.

பையில் தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், ஓரத்தில் சுட்ட வீட்டுக்கு ஓர் எழுத்து. சிக்கு வாடை என்று யாராவது சொன்னால், எந்த வீட்டு எண்ணெய்ச்சட்டி என்று உடனே தெரியும்.