டர்பனில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது முகவரின் தரகை யார் கொடுக்க வேண்டும்

சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலைக்காக டர்பனுக்கு வந்து சேரும் நம்மவர்கள், வீடு பார்த்துக் கொடுத்த தரகருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுத்துப் பழகியவர்கள். ஆகவே இங்குள்ள முகவர் அனுப்பும் கட்டணப் பட்டியலையும் அதே வழக்கம் என்று எண்ணி, ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடைமுறை வேறு. பெரும்பாலும் முகவரை அமர்த்துபவர் வீட்டு உரிமையாளர்; அவர்தான் தரகையும் கொடுக்கிறார். புதிதாக வந்த ஒருவர் தமக்காக வீடு தேடித் தரும்படி ஒருவரை அமர்த்திக்கொண்டால் மட்டுமே அந்தச் செலவு அவரைச் சேரும். வீட்டு விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்ததாலேயே நீங்கள் அந்த முகவரை அமர்த்தியவர் ஆகிவிட மாட்டீர்கள்.

தரகு இவ்வளவுதான் என்று சட்டம் வரையறுக்கவில்லை. உரிமையாளரும் முகவரும் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். குடியிருப்பவரைத் தேடித் தருவது மட்டும் முகவரின் வேலையென்றால் ஏறத்தாழ ஒரு மாத வாடகையை ஒரே முறையாக வாங்குவது வழக்கம். வாடகை வசூல், பழுதுபார்ப்பு என்று எல்லாவற்றையும் அவரே கவனித்தால், மாதா மாதம் வாடகையிலிருந்து பேசிக்கொண்ட விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்கு அனுப்புவார். வாட் வரிக்குப் பதிவு செய்த முகவராக இருந்தால், அந்தத் தொகையின் மேல் 15 விழுக்காடு வரியும் சேரும். இவை எதுவும் உங்கள் பட்டியலில் இடம்பெற வேண்டியவை அல்ல.

உங்கள் பட்டியலில் முறையாக இருக்கக்கூடியவை முதல் மாத வாடகை, முன்பணம், ஒப்பந்தம் தயாரித்த செலவு ஆகியவையே. இவற்றில் கடைசியாகச் சொன்னதில்தான் உரிமையாளரின் தரகு வேறு பெயரில் நுழைந்துவிடுகிறது. 1999 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, ஒப்பந்தம் தொடர்பான செலவை, உண்மையில் அது செலவானதற்குச் சான்று காட்டினால் மட்டுமே குடியிருப்பவரிடம் வாங்கலாம் என்கிறது. இந்த ஒரு வரியை நம்மவர்களில் பலர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

என் அத்தை மகன் உம்ஷ்லாங்காவில் 9,000 ராண்ட் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்தபோது, முகவர் அனுப்பிய தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். வாடகை, முன்பணம் இரண்டுக்கும் கீழே சிறிய எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன: ஒப்பந்தத் தயாரிப்பு 1,950 ராண்ட், விண்ணப்ப ஆய்வு 450 ராண்ட், ‘பிளேஸ்மென்ட் ஃபீ’ 4,500 ராண்ட். மூன்றாவது வரி தரகைத் தவிர வேறில்லை. “இந்த மூன்று தொகைகளுக்கும் ரசீது அல்லது இன்வாய்ஸ் நகலை அனுப்புங்கள், பிளேஸ்மென்ட் ஃபீ எந்த ஒப்பந்தத்தின்படி என்னைச் சேர்கிறது என்பதையும் தெரிவியுங்கள்” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். மறுநாள் வந்த திருத்திய பட்டியலில் மூன்றாவது வரி இல்லை. முதல் வரி 600 ராண்டாகக் குறைந்திருந்தது. வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை, வீடும் கைவிட்டுப் போகவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டதால்தான் இது இவ்வளவு எளிதாக முடிந்தது.

பணம் அனுப்புவதற்கு முன்னர், முகவரிடம் செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (முகவராகத் தொழில் செய்வதற்கான உரிமச் சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். 2022 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சொத்து முகவர்களுக்கான புதிய சட்டத்தின்படி, அந்தச் சான்றிதழ் இல்லாதவருக்கு எந்தக் கட்டணமும் பெற உரிமை கிடையாது. அப்படி வாங்கியிருந்தால், சம்பந்தப்பட்டவர் எழுத்து மூலம் கேட்டதும் திருப்பித் தந்தாக வேண்டும். சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயரையும் எண்ணையும் முகவர்களை ஒழுங்குபடுத்தும் பி.பி.ஆர்.ஏ. ஆணையத்திடம் சரிபாருங்கள். வீட்டை நேரில் காட்டாமலேயே ‘பிடித்து வைக்கப் பணம்’ கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதே சட்டத்தின்படி, வீட்டின் குறைகளை உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட்ட படிவமும் ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

பலர் எதிர்பாராத இடத்தில், அதாவது இடையில் வீட்டைக் காலி செய்யும்போது, தரகு மீண்டும் தலைகாட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தமானால், 20 வேலை நாட்கள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்து வெளியேறலாம். உரிமையாளர் நியாயமான அளவில் ரத்துக் கட்டணம் கேட்கலாம். அவர் முகவருக்கு முன்கூட்டியே கொடுத்த தரகில், நீங்கள் குடியிருக்காத மாதங்களுக்கு உரிய பங்கைப் பெரும்பாலும் அந்தக் கட்டணத்தில் சேர்ப்பார்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு உரிமையாளர் ஒரு மாத வாடகையான 9,000 ராண்டை, வரியோடு சேர்த்து 10,350 ராண்டாகக் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். எட்டு மாதம் குடியிருந்துவிட்டு நீங்கள் கிளம்பினால், மிச்சமுள்ள நான்கு மாதங்களுக்கான பங்கு 3,450 ராண்ட். இதைக் கேட்டால் நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம். முழுத் தரகையும் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே, ரத்துக் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைக் கையெழுத்திடும்போதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரில் வீடு எடுத்து, உரிமையாளரும் நிறுவனமாக இருந்தால், இந்த 20 நாள் உரிமை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் நம் குடும்பங்கள் பல, வீட்டின் பின்புறமுள்ள அவுட்பில்டிங்கை முகவர் இல்லாமல் நேரடியாக வாடகைக்கு விடுகின்றன. அங்கே தரகு என்ற பேச்சே எழாது. கோயிலில் பழகியவர், உறவுக்காரர் என்ற தயக்கத்தில் பலர் எழுத்தில் எதையும் கேட்பதில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் நீங்கள் கேட்டால் உரிமையாளர் அதை எழுத்தில் தர வேண்டும், கொடுத்த பணத்துக்கு ரசீதும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கட்டக் கூடாததைக் கட்டிவிட்டீர்கள், கேட்டும் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால், மாகாண வாடகைக் குடியிருப்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை; அதன் தீர்ப்பு நீதவான் நீதிமன்ற உத்தரவுக்குச் சமமானது. ஒப்பந்தம், கட்டணப் பட்டியல், வங்கிச் சீட்டு, நீங்கள் ரசீது கேட்டு எழுதிய மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். முறையீடு நிலுவையில் இருக்கும்போது, கோபத்தில்கூட வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலத்திலும் வாடகை கட்டியாக வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.